பனடோல் கொடுத்து அனுப்பிய பிள்ளை

இந்த மாதம் பட்டிப்பொல பக்கமிருந்து வந்த கடிதங்களைப் பிரித்து மேசையில் பரப்பினேன். ஆசிரியை, கொழுந்தெடுக்கும் தாய், பேரனை வளர்க்கும் அப்பாயி, அதிபர், மாணவி என்று எழுதியவர்கள் பல பேர். கேட்டிருப்பது மட்டும் ஒன்றுதான்: பாடசாலையில் ஒரு பிள்ளைக்கு வந்த நோய் மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றாமல் எப்படித் தடுப்பது? ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்தக் கேள்விக்கே விட்டுவிடுகிறேன்.

கேள்வி: என் வகுப்பில் 34 பிள்ளைகள். பனிக்காலத்தில் ஒருவன் இருமத் தொடங்கினால் அடுத்த வாரம் பத்துப் பேர் இருமுகிறார்கள். இந்தக் குளிர்தான் காரணமா, டொக்டர்?
– ஆசிரியை, பட்டிப்பொல

டீச்சர், உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல் இருக்கிறது. இலங்கையிலேயே மிக உயரத்தில் உள்ள ரயில் நிலையம் உங்களுடையது. புல்லில் உறைபனி படியும் ஊரில் உள்ளவர்களிடம் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

குளிர் தனியாகக் காய்ச்சலைக் கொண்டுவராது. கொண்டுவருவது கிருமி. குளிர் அதற்குத் துணைபோகிறது. மூக்கின் உள்ளே இருக்கும் காவலைச் சற்றுத் தளர்த்துகிறது. இன்ஃபுளுவென்சா போன்ற வைரஸ்கள் காற்றில் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்க வழிசெய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக நம்மை ஜன்னலைச் சாத்த வைக்கிறது. சாத்திய அறையில் 34 பேர் ஆறு மணி நேரம் ஒரே காற்றைத் திரும்பத் திரும்ப மூச்சாக இழுக்கிறார்கள். இருமும் பிள்ளையின் வாயிலிருந்து வந்த நுண்துளிகள் வெளியேற வழி இல்லாமல் அங்கேயே மிதக்கின்றன.

இதைப் பிள்ளைகளுக்கு விளக்க உங்கள் ஊரே நல்ல கரும்பலகை. காலைக் கூட்டத்தில் எல்லோரையும் வாயைத் திறந்து ஊதச் சொல்லுங்கள். புகைபோல ஆவி வரும். அது எவ்வளவு தூரம் போகிறது, பக்கத்துப் பிள்ளையின் முகத்தில் எப்படிப் படுகிறது என்று அவர்களே பார்க்கட்டும். பிறகு வாயை முழங்கை மடிப்பில் புதைத்து ஊதச் சொல்லுங்கள். உள்ளங்கையால் பொத்தாமல் முழங்கை மடிப்புக்குள் ஏன் இரும வேண்டும் என்பதை அந்த ஒரு நிமிடம் புரியவைத்துவிடும். உள்ளங்கை அடுத்து கொப்பியைத் தொடும், கூட்டாளியின் கையைப் பிடிக்கும். முழங்கை அப்படிச் செய்யாது.

ஜன்னல்களை முழுதாகத் திறக்க வேண்டாம். எதிரெதிர்ச் சுவர்களில் உள்ள இரண்டை மட்டும் ஒரு சாண் அளவு திறந்து வைத்தால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். அந்த வழியில் இருக்கும் வாங்கைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். இடைவேளையில் எல்லாப் பிள்ளைகளையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவு, ஜன்னல் அத்தனையையும் பத்து நிமிடம் விரியத் திறந்துவிடுங்கள். சீருடைக்கு மேல் எந்த நிறச் சுவெட்டர் போட்டாலும் பனிக்காலத்தில் குற்றம் சொல்லாதீர்கள். கதகதப்பைப் பிள்ளையின் உடம்புக்குக் கொடுத்துவிட்டால் அறையைப் பூட்டி வைக்கத் தேவை இருக்காது.

கேள்வி: நான் மலையில கொழுந்து எடுக்கிறேன். விடியவே ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகணும். மகன் நாலாம் வகுப்பு. காய்ச்சலென்றாலும் வீட்டில பார்க்க ஆளில்ல. பனடோல் கொடுத்து அனுப்பிடுவேன். டீச்சர் ஏசுறாங்க. நான் என்ன செய்யிறது, டொக்டர்?
– ஒரு தாய்

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் இம்முறை அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். உங்களை ஏச எனக்கு மனமில்லை. ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்கூலி, விழாது. பாதியில் திரும்பினால் அரைப் பேர். அந்தக் கணக்கில்தான் கடையின் கடனும் மகனின் கொப்பியும் இருக்கின்றன.

ஆனாலும் பனடோல் என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அது காய்ச்சலை இறக்குகிறது, கிருமியைக் கொல்வதில்லை. காலை ஆறரைக்குக் கொடுத்த மருந்தின் வேகம் நான்கு முதல் ஆறு மணி நேரம்தான். எட்டு மணிக்கு நல்லபிள்ளையாக உட்கார்ந்திருப்பவன், பதினொரு மணிக்குக் கண் சிவந்து மேசையில் தலை சாய்ப்பான். அதற்குள் பக்கத்தில் இருப்பவனோடு பென்சிலையும் தண்ணீர்ப் போத்தலையும் பகிர்ந்து முடித்திருப்பான். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளையின் தாயும் உங்களைப் போலவே பனடோல் வில்லையை உடைத்துக்கொண்டு நிற்பார்.

மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பலாம். இதுதான் விதி. இந்த விதியை நீங்கள் தனியாகக் காப்பாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே இது உங்களுக்கு மட்டும் எழுதும் பதில் அல்ல.

உங்கள் லயத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பாயி, அம்மாயிமார் இருப்பார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்வது, அவருக்கு விறகும் தண்ணீரும் மற்றவர்கள் கொண்டுவந்து கொடுப்பது என்று நாலு வீடு சேர்ந்து ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக் காம்பரா சின்னக் குழந்தைகளுக்கு உரியது. காய்ச்சல்காரனை அங்கே விட்டால் கைக்குழந்தைகளுக்குத் தொற்றும், அங்கே விடாதீர்கள். தோட்ட நிர்வாகத்தோடு பேசும் தொழிற்சங்கத் தலைவர்களையும் மாதர் சங்கத்தினரையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. பிள்ளைக்குத் தொற்றுநோய் என்றால் தாய்க்கு ஓரிரு நாள் பேர் வெட்டாமல் விடுவது பற்றிப் பேசுங்கள். ஒரு பிள்ளை வீட்டில் நின்றால் பத்துத் தாய்மார் வேலைக்குப் போவார்கள். இந்தக் கணக்குத் துரைமாருக்கும் புரியும்.

ஒன்று மட்டும் கவனம். மூச்சு வாங்குவது, மூச்சிழுக்கும்போது நெஞ்சு குழிவது, உதடு நீலம் பாய்வது, வலிப்பு, எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், தண்ணீர்கூடக் குடிக்காமை, நீண்ட நேரம் சிறுநீர் போகாமை, கழுத்து விறைப்பு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் பேரையும் பெரட்டையும் பார்க்க வேண்டாம். உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை.

கேள்வி: பேரனுக்கு அம்மை போட்டிருக்கு. வாசல்ல வேப்பிலை கட்டி, வீட்டுக்குள்ளேயே வச்சிருக்கேன். மருந்து எடுக்கக்கூடாதுன்னு சொல்றாங்க. எப்ப பள்ளிக்கூடம் அனுப்பலாம்?
– அப்பாயி ஒருவர்

அப்பாயி, நீங்கள் பாதி வேலையைச் சரியாகவே செய்துவிட்டீர்கள். வாசலில் வேப்பிலை கண்டால் அயலார் உள்ளே வரமாட்டார்கள். நம் முன்னோர் இப்படித்தான் நோயைத் தெருவுக்குப் போகாமல் நிறுத்தினார்கள். அந்த வழக்கத்தை விட்டுவிடச் சொல்லி நான் கேட்க மாட்டேன்.

மருந்து எடுத்தால் அம்மன் கோபிப்பாள் என்பதை மட்டும் நம்பாதீர்கள். நீங்கள் அம்மை என்று சொல்வது கொப்புளிப்பான். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் கொடுக்கலாம். அஸ்பிரின் மட்டும் கொடுக்கவே கூடாது. அது பிள்ளையின் மூளையையும் ஈரலையும் பாதிக்கக்கூடும். நகத்தை வெட்டி விடுங்கள், சொறிந்தால் புண் சீழ் வைக்கும்.

கொப்புளம் தெரிய ஓரிரு நாள் முன்பே இது தொற்றத் தொடங்கிவிடும். கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு ஆகும்வரை தொற்றும். சாதாரணமாக ஐந்து நாளுக்குக் குறையாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளைக் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்த பிறகு வைத்துக்கொண்டால் வழக்கமும் மருத்துவமும் ஒரே நாளில் சந்திக்கும். லயத்தில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். வகுப்பாசிரியை கர்ப்பமாக இருந்தால் அவருக்கும் தெரிவியுங்கள்.

கொப்புளிப்பான் வேறு, சின்னமுத்து வேறு. காய்ச்சல், இருமல், சிவந்த கண், பிறகு முகத்திலிருந்து கீழிறங்கும் சிவப்புப் பொட்டுகள் என்று வந்தால் அது சின்னமுத்தாக இருக்கலாம். 2019 ஜூலையில் இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் உறுதிசெய்தது. 2023இல் அது திரும்பி வந்தது. 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் எம்.எம்.ஆர். ஊசிகள் இரண்டும் கிளினிக் கொப்பியில் பதியப்பட்டிருக்கின்றனவா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஒன்று விடுபட்டிருந்தாலும் மருத்துவ மாதிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பாடசாலைக்கு மலை ஊற்றுத் தண்ணீர்தான் வருகிறது. பார்க்கப் பளிங்குபோல இருக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்குச் செங்கமாரி வந்துவிட்டது. இந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், அதனால் கிருமி சாகாது என்கிறார்களே?
– பெற்றோர் ஒருவர்

பளிங்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஊற்றுக்கண்ணிலிருந்து பீலிவரை தண்ணீர் வரும் வழியில் மேலே ஒரு லயம், ஒரு மாட்டுப் பட்டி, உடைந்த மலக்குழி ஏதாவது இருக்கும். மழை பெய்தால் அத்தனையும் கழுவப்பட்டு இறங்கும். செங்கமாரியில் பாடசாலைகளில் வேகமாகப் பரவும் வகை ஹெபடைட்டிஸ் ஏ. 2007இல் கம்பளைப் பகுதியில் அது பெரிய அளவில் பரவியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். நெருப்புக்காய்ச்சலும் இரத்தக்கழிச்சலும் இதே வழியில்தான் வருகின்றன.

நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி உண்மை இருக்கிறது. கடற்கரையில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் பட்டிப்பொலவில் சுமார் 94 பாகையிலேயே கொதிக்கும். பருப்பு வேக உங்கள் ஊரில் நேரம் எடுப்பதும் அதனால்தான். ஆனால் இந்தக் கிருமிகளைக் கொல்ல 94 பாகை போதும். தளதளவென்று கொதி வந்த பிறகு மூன்று நிமிடம் அடுப்பிலேயே விடுங்கள். மூடி ஆறவையுங்கள். ஆறிய தண்ணீருக்குள் கையோ குவளையோ விடாமல் சாய்த்து ஊற்றுங்கள். பிள்ளைக்கு ஆளுக்கொரு போத்தல், அதில் பெயர் எழுதி அனுப்புங்கள்.

செங்கமாரி வந்த பிள்ளை, கண் மஞ்சளான நாளிலிருந்து ஒரு வாரம் வீட்டில் நிற்கட்டும். வயிற்றோட்டம் என்றால் கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம். ஜீவனி உப்புக்கரைசல் பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் கொடுங்கள். அரைப் பைக்கற், கால் பைக்கற் என்று பிரிக்காதீர்கள். ஒரே நோய் இரண்டு பிள்ளைகளுக்கு வந்தாலே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கலாம். ஊற்றுத் தண்ணீரைப் பரிசோதிப்பதும் குளோரின் அளவு சொல்வதும் அவருடைய வேலை.

மலசலகூடத்தையும் மறக்க வேண்டாம். 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. ஆயிரக்கணக்கான தொழிலாளருக்கு மருந்து கொடுத்தார்கள். மருந்து குடித்தவர்களுக்கே புழு மறுபடியும் வந்தது, ஏனென்றால் லயங்களில் மலசலகூடம் இல்லை. நூறு வருடத்துக்குப் பிறகும் பாடம் அதேதான். பிள்ளை பூச்சி மருந்து விழுங்கிவிட்டான் என்று நாம் ஆறுதல்பட்டால் போதாது. பாடசாலை மலசலகூடத்தில் தண்ணீர் வருகிறதா, வாசலில் சவர்க்காரம் இருக்கிறதா என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.

கேள்வி: மகளுக்குச் சிரங்கு. வகுப்பில் தனி வாங்கில் உட்கார வைத்தார்களாம். அழுதுகொண்டு வந்தாள். "குளிக்காத பிள்ளை" என்று மற்றவர்கள் கேலி செய்கிறார்கள்.
– ஒரு தந்தை

தம்பி, உங்கள் மகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: சிரங்கு அழுக்கினால் வருவதல்ல. கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி ஒன்று தோலுக்குள் குழி பறித்து முட்டையிடுவதால் வருகிறது. தினமும் குளிக்கும் பிள்ளைக்கும் அது வரும். ஒரே காம்பராவில், ஒரே கம்பளிக்குள் நாலு பேர் ஒட்டிப் படுத்தால் வரும். குளிர் அப்படிப் படுக்க வைக்கிறது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சிரங்கு போகாமல் நிற்பதற்குக் காரணம் மருந்தின் குறை இல்லை. சொறிகிறவருக்கு மட்டும் பூசுவதுதான் தவறு. வைத்தியர் தரும் பூச்சை வீட்டிலுள்ள அத்தனை பேரும், அரிக்காதவர்களும், ஒரே இரவில் கழுத்துக்குக் கீழே விரலிடுக்கு முதல் பாதம் வரை பூச வேண்டும். வைத்தியர் சொன்ன நாளில், பெரும்பாலும் ஒரு வாரம் கழித்து, மறுபடியும் பூச வேண்டும். துணிகளைச் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் போடச் சொல்வார்கள். உங்கள் ஊரில் நாள்கணக்கில் பனிமூட்டம். ஆகவே துவைக்க முடியாத கம்பளியையும் சுவெட்டரையும் பொலித்தீன் உரப்பையில் போட்டு இறுகக் கட்டி ஒரு வாரம் மூலையில் வைத்துவிடுங்கள். மனிதத் தோல் கிடைக்காமல் அந்தப் பூச்சி செத்துவிடும். அரிப்பு இரண்டு மூன்று வாரம் நிற்கலாம், பயப்பட வேண்டாம்.

முதல் முறை மருந்து பூசிய மறுநாளே மகள் வகுப்புக்குப் போகலாம். தனி வாங்கு தேவையே இல்லை. பேனுக்கும் இதே நியாயம்தான். ஆசிரியர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: பிள்ளையை எல்லோர் முன்னும் பிரித்து வைத்தால், அடுத்த முறை எந்தப் பிள்ளையும் தன் நோயை வெளியே சொல்லாது. நோய் மறைவில்தான் வளரும்.

கேள்வி: ஒரு நாளும் லீவு எடுக்காத மாணவருக்கு வருடா வருடம் பரிசு கொடுக்கிறோம். வரவைக் கூட்ட அது உதவுகிறது. காய்ச்சல் பரவும்போது பாடசாலையை மூடிவிடலாமா என்றும் பெற்றோர் கேட்கிறார்கள்.
– அதிபர் ஒருவர்

ஐயா, அந்தப் பரிசின் நோக்கம் நல்லது. மலையகத்தில் பிள்ளைகளைப் பாடசாலையில் தக்கவைக்க நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் 39 பாகைக் காய்ச்சலோடு வந்து வரவேட்டில் அடையாளம் வாங்கும் பிள்ளையையும் அந்தப் பரிசு பாராட்டுகிறது. பரிசை நிறுத்த வேண்டாம், விதியை மாற்றுங்கள். பெற்றோர் முன்கூட்டியே அறிவித்த நோய் லீவைக் கழிக்காமல் கணக்கிடுங்கள். ஓரிரு நாள் லீவுக்கு வைத்தியச் சான்றிதழ் கேட்காதீர்கள். ஒரு துண்டுக் கடிதம் வாங்க ஒரு நாள் சம்பளத்தை இழந்து நுவரெலியாவுக்குப் பஸ் ஏற வேண்டிய தாய்மார் இருக்கிறார்கள்.

மூடுவது கடைசி வழி. அதை சுகாதார வைத்திய அதிகாரியும் கல்வி அதிகாரிகளும் சேர்ந்து முடிவு செய்யட்டும். 2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்ற பிள்ளைகளை நாம் பார்த்தோம். தொலைபேசியே இல்லாத பிள்ளைகளுக்கு அந்த மேடுகூட உதவவில்லை. பாடசாலையை மூடினால் லயத்தில் பிள்ளைகள் ஒன்றாகத்தான் விளையாடுவார்கள், நோயும் கூடவே விளையாடும்.

நம் பூட்டன்மாரைத் தோட்ட வேலைக்கு இலங்கைக்குக் கொண்டுவந்தபோது, இந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் நாள்கணக்கில் நிறுத்திவைத்து, அம்மைக் குத்து ஊசி போட்டு அனுப்பினார்கள். தொழிலாளியின் உடம்பிலிருந்து தோட்டத்தைக் காப்பதுதான் அன்றைய கவலை. இன்று ஒரு பிள்ளையை இரண்டு நாள் வீட்டில் நிறுத்துகிறோம் என்றால், அந்தப் பிள்ளை நம் கவலை என்பது அதற்கும் அதன் தாய்க்கும் தெரிய வேண்டும். "வராதே" என்று சொல்லும் வாய், "சுகமா, சாப்பிட்டாயா?" என்றும் கேட்க வேண்டும்.

கேள்வி: நான் தரம் 9இல் படிக்கிறேன். பாடசாலை சுகாதாரக் கழகத்தில் இருக்கிறேன். போஸ்டர் ஒட்டுவதைத் தவிர எங்களால் என்ன செய்ய முடியும்?
– மாணவி

தங்கச்சி, செய்ய நிறைய இருக்கிறது. மூன்று வேலை தருகிறேன்.

முதலாவது, ஒரு விளையாட்டு. தரம் 2 பிள்ளை ஒருவரின் வலது கையில் வெண்கட்டித் தூளை நன்றாகத் தேய்த்துவிட்டு ஐந்து நிமிடம் மற்றவர்களோடு விளையாட விடுங்கள். பிறகு தூள் எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். கதவில், வாங்கில், கூட்டாளியின் கன்னத்தில், ரொட்டிப் பெட்டி மூடியில் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பார்கள். நானே இதைச் செய்து காட்டியிருக்கிறேன். அன்று கை கழுவச் சொல்லி யாரையும் அதட்ட வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, கை கழுவ ஓர் இடம். குழாய்க்கு வரிசை நீளமென்றால் ஐந்து லீற்றர் கேன் ஒன்றில் ஆணியால் துளையிட்டு, இரண்டு கம்புகளுக்கிடையில் தொங்கவிடுங்கள். கேன் கழுத்தில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைத் தரையில் ஒரு தடியோடு பிணையுங்கள். தடியைக் காலால் மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் வரும். கை எதையும் தொடத் தேவையில்லை. பக்கத்தில் சவர்க்காரத்தைப் பழைய காலுறையில் போட்டுக் கட்டிவிடுங்கள். தண்ணீர் பனிக்கட்டியாகக் குளிர்ந்தாலும் பரவாயில்லை. கிருமியை அகற்றுவது சவர்க்காரமும் 20 விநாடித் தேய்ப்பும்தான், சூடு இல்லை. சாப்பிட முன், மலசலகூடம் போன பின், மூக்குச் சிந்திய பின் என்று மூன்று வேளை தவறக்கூடாது.

மூன்றாவதுதான் முக்கியம். உன் வகுப்பில் ஒருவர் காய்ச்சலென்று வரவில்லையா? அன்றைய பாடக் குறிப்பை ஒரு தாளில் எழுதி, பாடசாலை விட்டுப் போகும்போது அவர் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போ. உள்ளே போகத் தேவையில்லை, இஸ்தோப்பில் நின்று கூப்பிட்டால் போதும். காய்ச்சலோடு பாடசாலைக்கு வரும் பிள்ளைகளில் பலர் பாடம் தவறிவிடும், புலமைப்பரிசில் போய்விடும் என்ற பயத்தில்தான் வருகிறார்கள். அந்தத் தாள் வீட்டுக்கு வரும் என்று தெரிந்தால் அவர்களால் நிம்மதியாகப் படுத்திருக்க முடியும். அந்தத் தாயும் அடுத்த நாள் காலை பனடோல் வில்லையைக் கையில் எடுக்கும்போது ஒரு நிமிடம் யோசிப்பார்.